தம்பிராஜா கும்பிட்ட நாள்

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் தம்பிராஜாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் ரொம்பக் குறைவு. ரொட்டி விற்கிறவன், ரிக்‌ஷா இழுக்கிறவன், மாரியம்மன் கோயில் பூசாரி, அரசாங்க குமாஸ்தா, யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆள் ஒல்லிக்குச்சி. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கனமாக இருக்கும். சைக்கிளுக்குக் குறுக்கே கோழி வந்தால்கூட அதன் பரம்பரையை இழுத்துத் திட்டிவிட்டுத்தான் மேலே மிதிப்பார்.

மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு அவர்தான் அட்டெண்டன். கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும். நோயாளியை மேசையில் ஏற்றி இறக்க வேண்டும். டாக்டர் வெட்டி எடுத்ததை வாளியில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தரையைக் கழுவ வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோறு இறங்கவில்லை என்று அவரே சொல்வார். பிறகு குடலைப் பார்த்தாலும் ஒன்றுதான், கால் எலும்பை அறுத்தாலும் ஒன்றுதான். "மனுசனுக்கு உள்ள என்னா பெருசா இருக்கு? ஆட்டுக்கு இருக்கிறதுதான் நமக்கும். இதுக்குப் போயி என்னா ஆட்டம் ஆடுறானுங்க" என்பார். ஊரில் பாதிப் பேர் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்றார்கள். மீதிப் பேர் அதைவிட மோசமாகச் சொன்னார்கள்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. யாரையும் கையெடுத்துக் கும்பிட மாட்டார். புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். மீசை அரும்புகிற வயதில் காலில் ஆறாத புண் வந்தது. மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மாட்டு வண்டி கேட்டு அவருடைய அப்பா, துரை பங்களா வாசலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார். துரை தேநீர் குடித்து முடித்து, நாய்க்கு பிஸ்கட் போட்டு முடித்து, அப்புறம்தான் தலையை ஆட்டினான். காலில் இருந்த புண் ஆறிவிட்டது. அப்பாவின் கை அப்படி மேலேயே நின்றது மட்டும் மகனுக்கு ஆறவில்லை. தோட்டத்துக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரியிலேயே தரை துடைக்கச் சேர்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து டாக்டருக்கு நெற்றியில் ஒரு சல்யூட், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனாலும் கையைக் கட்டிக்கொண்டு, கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் மாதிரி நின்றுவிட்டு வருவார். பூசாரி கேட்டதற்கு, "அவளுக்குத் தெரியும் நான் யாருன்னு. கைய வேற தூக்கிக் காட்டணுமா?" என்று ஒரு போடு போட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஜப்பான்காரன் ஆட்சி வந்து வாய்த்தது. சாலை முனையில் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்க்கு இடுப்பு வளைத்து வணக்கம் வைக்காமல் யாரும் தாண்ட முடியாது. தம்பிராஜா நெற்றியில் விரலை வைத்துக் காட்டினார். கன்னத்தில் விழுந்த அறையில் ஒரு கடைவாய்ப்பல் போனது. மறுநாளிலிருந்து சிப்பாய் நிற்காத சந்து பொந்துகளில் புகுந்து, ஊரையே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வழி நெடுக அவர் திட்டிய திட்டு ஜப்பான்காரனுக்குப் புரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

சிங்கப்பூர் விழுந்த மறு வருஷம் சீதா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கம்போங் செட்டிக் குழந்தை. ஐந்து வயது இருக்கும். அங்குள்ள செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வேரூன்றியவர்கள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலி, கோயில் திருவிழா எல்லாம் நம்முடையது. வீட்டில் பேசுவதோ மலாய். குழந்தையின் அம்மா சந்திரமதி மலாய்க்காரிகளைப் போல கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, ரிக்‌ஷாவிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் சாமி பேரும் உறவுமுறையும்தான். புருஷன் கப்பலில் போனவன். சண்டை தொடங்கியதிலிருந்து சேதி இல்லை.

குழந்தையின் தொடையில் ஒரு கட்டி வந்து உடைந்து ஆறியிருந்தது. அதோடு விட்டது என்று நினைத்தால் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து உதடு நீலம் பூத்துவிட்டது. டாக்டர் ராஜரத்தினம் நெஞ்சில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஊசியைக் குத்தி இழுத்தார். மஞ்சளாக வந்தது. ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுத் தம்பிராஜாவைக் கூப்பிட்டார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மலாய் அவருக்குச் சுமார்தான்.

"இதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்குது. அந்தப் பை முழுக்கச் சீழ். இதயம் விரிய இடமில்லாமல் நெரிபடுகுது. திறந்து விடாட்டிப் பிள்ளை தப்பாது. இதை அந்த அம்மாவுக்கு மலாயில சொல்லும்."

தம்பிராஜா சொன்னார். சந்திரமதி, திறந்தால் பிழைத்துவிடுமா என்று கேட்டாள்.

"தெரியாது எண்டு சொல்லும்" என்றார் டாக்டர். "நான் இதுக்கு முன்னம் செய்ததில்லை. புத்தகத்தில படிச்சதுதான்."

தம்பிராஜாவுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. இருந்தாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். சந்திரமதி குழந்தையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த சங்கடம் வெளிச்சம். மேசைக்கு மேலே தொங்கும் பெரிய விளக்கு வெடித்துப் போய் ரொம்ப நாளாயிற்று. புதுசு எங்கிருந்து வரும்? கரண்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வயிற்றைத் திறக்க ஜன்னல் வெளிச்சம் போதும். குழந்தையின் விலா எலும்புக்கு நடுவே ஒரு பொந்து போட்டு அதற்குள் பார்க்க வேண்டுமென்றால் போதாது. "நல்ல பெரிய கண்ணாடி ஒண்டு வேணும். வெயிலைப் பிடிச்சு உள்ளுக்க விடவேணும்" என்றார் டாக்டர்.

காஜா பேராங்கில் முடிவெட்டுகிற கடையில்தான் அப்படி ஒரு கண்ணாடி இருந்தது. கடைக்காரர், "முகம் தெரியாம எவன்யா மீசை ஒதுக்கிக்குவான்?" என்று மல்லுக்கு நின்றார். தம்பிராஜா, "உன் கிட்ட வெட்டிக்கிட்டவன் முகத்தைப் பார்க்காம போறதே நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு நடந்தார். சுற்றிப் போக நேரமில்லை. சிப்பாய் நிற்கிற வழியாகவே போனார். இரண்டு கையிலும் கண்ணாடி. சிப்பாய் அதட்டிக்கொண்டு கிட்டே வந்தவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். தொப்பியைச் சரி செய்தான். பல்லைக் காட்டிப் பார்த்தான். வணக்கத்தை மறந்து, போ என்று கையை வீசினான்.

ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் ஜப்பான்காரன் உத்தரவுப்படி அவன் ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சூரியனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது பழைய நேரத்துக்குத்தான் ஏறியது. அறை ஜன்னலுக்கு வெயில் வருகிற வரைக்கும் காத்திருந்தார்கள். வந்ததும் தம்பிராஜா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை முழங்காலில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெயில் வட்டமாகப் போய்க் குழந்தையின் இடது மார்பில் விழுந்தது. சூரியன் நகர நகரக் கண்ணாடியைச் சாய்க்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால்கூட வட்டம் ஆடும்.

குழந்தையின் மூக்கை மூடிய துணியில் மயக்க மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. டாக்டர் கீறினார். குருத்தெலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். தம்பிராஜா எப்போதும்போல வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பையைக் கிழித்ததும் சீழ் பீறிட்டு வந்தது. தெரேசா மிஸ்ஸி துணியை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அவள் போர்த்துகீசியர் குடியிருப்பைச் சேர்ந்தவள், எதற்கும் பதறாத நர்ஸ். டாக்டரின் தமிழ் அவளுக்குக் கேட்டால் புரியும், பேச வருவது மலாய்தான். துடைத்துத் துடைத்து உள்ளே சுத்தமானது. தம்பிராஜா வட்டத்தை அந்தப் பொந்துக்குள் இறக்கினார்.

அது துடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டுக்கடையில் தொங்குவதை அவர் பார்த்திருக்கிறார். செத்தவர்களுடையதைக் கையில் எடுத்திருக்கிறார். இது அது இல்லை. இது வேலை செய்துகொண்டிருந்தது. இறுகி, முறுக்கி, விட்டு, மறுபடி இறுகி, ஈரமாகப் பளபளத்துக்கொண்டு, யாரையும் ஏனென்று கேட்காமல் குதித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு நினைவில்லை. அதற்கு நினைவிருந்தது. அம்மா வயிற்றில் இருட்டில் தொடங்கியது இத்தனை சீழுக்குள்ளும் நிற்காமல் நடந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அதன்மேல் முதல் வெளிச்சம் படுகிறது, அதுவும் இவர் பிடித்த வெளிச்சம். தம்பிராஜாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை புல்லரித்தது. திரை விலகித் தீபம் காட்டியதும் சனங்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவருடைய கைகளும் செய்தன. அவரைக் கேட்காமல் இரண்டும் தலைக்கு மேலே போய்க் குவிந்தன.

கண்ணாடி மடியில் சரிந்தது. வெயில் வட்டம் சுவரில் ஏறிக் கூரைக்கு ஓடியது. பொந்து இருண்டது.

"வெளிச்சம்!" என்று டாக்டர் கத்தினார். "வெளிச்சம், தம்பிராஜா! என்ன செய்யிறீர்?"

அவர் பதறி எடுத்துப் பிடித்தார். வட்டம் குழந்தையின் முகத்துக்கும் வயிற்றுக்கும் அலைந்து பிறகுதான் இடத்துக்கு வந்தது. டாக்டர் ரப்பர் குழாயை உள்ளே வைத்துத் தைத்தார். முடிந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது தம்பிராஜாவுக்கு. தரையைக் கழுவும்போது ஒரே கேள்விதான் மனசில் ஓடியது. வெளிச்சம் போன நேரத்தில் கத்தி எங்கே இருந்தது?

ஆபரேஷன் அறை ஆளுக்குக் குழந்தைகள் வார்டில் ஒரு வேலையும் கிடையாது. தம்பிராஜா வாளியும் துணியுமாக அங்கே தினமும் போக ஆரம்பித்தார். முதலில் தெரேசா மிஸ்ஸி விரட்டினாள். பிறகு, போகட்டும், தரையாவது சுத்தமாகிறது என்று விட்டுவிட்டாள். சீதாவை முதுகுக்குப் பின்னால் சாய்மானம் வைத்து உட்கார வைத்திருந்தார்கள். மட்டமாகப் படுக்கவே கூடாது, சீழ் உள்ளேயே தங்கிவிடும். மார்பிலிருந்து வந்த ரப்பர் குழாய் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் சேர்ந்து, அங்கிருந்து கட்டிலுக்கு அடியில் இருந்த புட்டிக்குப் போனது.

கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தார். கண்ணாடிக் குழலுக்குள் நீர் சும்மா நிற்கவில்லை. மேலே ஒரு துளி, கீழே ஒரு துளி என்று நடுங்கிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று மிஸ்ஸியிடம் மலாயில் கேட்டார். உள்ளே அவளுடைய இதயம் தள்ளுகிறது, அதுதான் என்றாள் அவள். அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. தம்பிராஜா துணியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு கணம் பார்த்தது, இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது வரும் சத்தம் கேட்டால் துடைப்பதுபோல் பாவனை செய்வார். அந்த வார்டில் அந்த ஒரு கட்டிலின் அடி மட்டும் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது.

சந்திரமதி அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். குழந்தை மாமா என்றது. அவித்த மரவள்ளியைத் தேங்காய்ப்பூவோடு இலையில் கொண்டுவந்து அவருக்கும் ஒரு பங்கு வைப்பாள். ஊரே கிழங்கு தின்று வயிறு ஊதிக் கிடந்த காலம். அவர் வாங்கிக்கொண்டு, ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டுவிட்டு மீதியைக் குழந்தைக்கே ஊட்டுவார். ஊட்டும்போதும் கண் குழலில்தான் இருக்கும். சீதாவின் உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. பக்கத்துக் கட்டில் பையனை மாமா திட்டுகிற திட்டைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தால் தையல் வலித்து முகத்தைச் சுளிப்பாள், மறுபடியும் சிரிப்பாள்.

அப்புறம் காய்ச்சல் திரும்பி வந்தது.

முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு காலையிலும். கிழங்கைத் தொடவில்லை. டாக்டர் வந்து தட்டிப் பார்த்தார், முதுகில் காதை வைத்துக் கேட்டார், மிஸ்ஸியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உள்ளுக்க திரும்பவும் கட்டுதெண்டா மறுபடி திறக்கவேணும். இன்னொருக்கா மயக்க மருந்து தாங்க இந்தப் பிள்ளையிட்ட உடம்பு இல்லை." பக்கத்தில் வாளியோடு நின்ற தம்பிராஜாவுக்கும் அது கேட்டது. டாக்டர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று தம்பிராஜா முடிவு கட்டிக்கொண்டார். இருட்டில் கத்தி எதையோ தொட்டுவிட்டது. நான் கையைத் தூக்கினேன், அது உள்ளே வெட்டிவிட்டது.

அன்றைக்கு வாசலில் சந்திரமதி மறித்துக்கொண்டாள். நீங்கள் உள்ளே இருந்தீர்களே அண்ணே, எல்லாம் சரியாகத்தானே நடந்தது என்று மலாயில் கேட்டாள். ஊரையே வாயால் மடக்கும் மனிதர் வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தார். "பானாஸ் பாகுஸ்" என்றார், வெயில் நன்றாக இருந்தது என்று. அவள் அதைப் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சைக்கிளை எடுத்தார்.

போகும் வழியில் மாரியம்மன் கோயில். நடை திறந்திருந்தது. அவர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாசலிலிருந்தே ஆரம்பித்தார்.

"ஏன் ஆத்தா, நான் பாட்டுக்கு இருந்தேன்ல? உன் கிட்ட வந்து கேட்டேனா? இத்தனை வருசமா தூக்காத கைய அந்த நேரம் பார்த்து எதுக்குத் தூக்கின? கும்பிடு வேணும்னா ஊர்ல எத்தனை கை இருக்கு. வெளிச்சம் பிடிச்ச கையா கெடைச்சுது உனக்கு? அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த பூசாரி எட்டிப் பார்த்தார். வழக்கமான திட்டுத்தான் என்று நினைத்து வெளியே வந்தவர், தம்பிராஜாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார். தம்பிராஜா அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனவர் நேராகக் கட்டிலுக்கு அடியில் குந்தினார். குழலில் நீர் நின்றிருந்தது. ஆடவில்லை. நடுங்கவில்லை. ஊதிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். ஆணி அடித்த மாதிரி அப்படியே நின்றது.

"நின்னு போச்சு!" என்று அலறினார். "ஐயோ, நின்னு போச்சு!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. தம்பிராஜா வாளியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஓடினார். வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "டாக்டரய்யா, புள்ளைக்கு நெஞ்சு நின்னு போச்சய்யா! நான்தான்யா! நான்தான் கொன்னுட்டேன்!" டாக்டர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே மிஸ்ஸி. அவர்களுக்குப் பின்னால், குழாயடியிலிருந்து விஷயம் புரியாமல் சந்திரமதி.

கட்டிலில் சீதா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. சட்டையெல்லாம் நனைய அழுதுகொண்டு வந்து நின்ற மாமாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மாமா நாங்கிஸ் கெனாப்பா?" என்றாள். மாமா ஏன் அழுகிறீர்கள் என்று.

தம்பிராஜா வாயைப் பிளந்தார். குழலைக் காட்டினார், குழந்தையைக் காட்டினார், மறுபடி குழலைக் காட்டினார். "அது நின்னுருச்சு... இது பேசுது..." என்றார். தெரேசா மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டருக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்துவிட்டது. "உமக்கு விசரா? நெஞ்சு நிண்டாப் பிள்ளை கதைக்குமோ?" என்று தொடங்கியவர், அவர் காட்டிய இடத்தைத் தற்செயலாகப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். குனிந்தார்.

"மிஸ்ஸி, உப்புத் தண்ணி. இளஞ்சூடா. பெரிய ஊசிக்குழல்."

குழாயைக் கழற்றி மெல்ல உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளினார். போக மறுத்தது. திரும்பவும் தள்ளி, இழுத்தார். ஊசிக்குழலில் தயிர்க்கட்டி போல ஒன்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே சீழ் மடமடவென்று இறங்கியது. கட்டிலுக்கு அடியில் புட்டி மாற்ற வேண்டியிருந்தது. குழாய் அடைத்திருக்கிறது. உள்ளே கட்டியது வெளியேற வழியில்லாமல் காய்ச்சலாகத் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். குழாயை மறுபடி மாட்டினார்கள். எல்லாரும் கண்ணாடிக் குழலைப் பார்த்தார்கள். நீர் ஒரு தரம் தயங்கியது. பிறகு ஆட ஆரம்பித்தது.

தம்பிராஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கைகள் மறுபடியும் எழுந்து குவிந்தன. இந்தத் தடவை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

காய்ச்சல் அன்றைக்கே இறங்கத் தொடங்கியது. சீதா கிழங்கு கேட்டாள், பிறகு கஞ்சி கேட்டாள், பிறகு எங்கிருந்தோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்த முட்டையைப் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் காட்டிக் காட்டித் தின்றாள். ஜப்பான்காரப் பெரிய டாக்டர்கூட வந்து குனிந்து தழும்பைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டு போனார். குழாயை உருவுகிற நாளும் வந்தது. கடைசியாக ஒரு தடவை அந்தக் குழலைப் பார்த்துக்கொண்டார் தம்பிராஜா. டாக்டர் உருவினார். துளையில் துணியை வைத்துக் கட்டினார். இனிமேல் அது இருட்டிலேயே இருக்கட்டும் என்று தம்பிராஜா நினைத்துக்கொண்டார்.

கை கழுவுகிற குழாயில் தண்ணீர் வராத நாள் அது. டாக்டர் கை கழுவ, தம்பிராஜா செம்பிலிருந்து ஊற்றினார். ஊற்றும்போது கேட்டுவிட்டார்.

"டாக்டரய்யா, அன்னைக்கு நான் வெளிச்சத்தை விட்டேன்ல. உள்ள ஏதும் வெட்டுப் பட்டுச்சா?"

டாக்டர் சோப்பைத் தேய்ப்பதை நிறுத்தினார். "எதுக்கு வெட்டுப்படும்? கத்தி உள்ளுக்க இருக்கேல்லையே."

"இல்லையா?"

"இல்லை. நானும் கையை வெளியில எடுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். இத்தனை வருசம் இந்த வேலை செய்தும், உயிரோட அது துடிக்கிறதை நானும் அண்டைக்குத்தான் முதல்முதல் கண்டனான். நீர் கும்பிட்டீர். எனக்குக் கை முழுக்க ரத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்."

தம்பிராஜாவுக்கு மூச்சு வந்தது. அதோடு பழைய கோபமும் சேர்ந்து வந்தது. "அப்புறம் எதுக்குய்யா அந்தக் கத்துக் கத்துனீங்க? இத்தனை நாளா நான் சோறு தண்ணி இல்லாம செத்துக்கிட்டிருக்கேன்!"

"வெளிச்சத்தை எடுத்துப்போட்டீர். எனக்கு இன்னும் கொஞ்சநேரம் பார்க்கவேணும் போல இருந்தது" என்றார் டாக்டர். "ஊத்தும், சோப்புக் காயுது."

கண்ணாடி முடிவெட்டுகிற கடைக்குத் திரும்பிப் போனது. தம்பிராஜாவின் வாய் அப்படியேதான் இருந்தது. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போய், பென்ஷன் வாங்கிய பிறகும் குறையவில்லை. ஆனால் மனிதனுக்குள்ளே ஆட்டுக்கு இருப்பதுதான் என்று மட்டும் அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷன் அறைக்குள் நுழையும்போது வாசற்படியில் செருப்போடு சேர்த்து வாயையும் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். புதிதாக வந்த டாக்டர்கள் அவரை ரொம்ப அமைதியான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சீதா பிழைத்த அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில் நடந்தது. கம்போங் செட்டிக்காரர்கள் அதை டத்தோ சாச்சார் என்பார்கள். அரிசியில்லை, சூடமில்லை, தேங்காய் எண்ணெய்த் தீபம்தான். இருந்தும் கூட்டம் நெருக்கியது. சந்திரமதி தலையில் பால்குடம். குழந்தையை யார் தூக்குவது? தையல் போட்ட இடத்தில் ஒரு முழங்கை பட்டாலும் போதும். வாசலில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற தம்பிராஜாவிடம் வந்து, அண்ணே என்று நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். நடுக்கூட்டத்தில், ஒரு கையைக் குழந்தைக்கு அடியிலும் ஒரு கையை அவள் நெஞ்சுக்குக் குறுக்கேயும் வைத்து, இடித்தவர்களை எல்லாம் இரண்டு மொழியில் திட்டிக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. திரை விலகியது. அத்தனை கைகளும் தலைக்கு மேலே எழுந்தன. பூசாரிக்கு நெடுநாள் பாக்கி ஒன்று தீர்க்க வேண்டியிருந்தது போலும். தீபத்தட்டோடு நின்றபடி, எல்லாரும் கேட்கச் சொன்னார்: "இன்னைக்காவது கையத் தூக்கிக் கும்பிடுமய்யா தம்பிராஜா!"

"நான் கும்பிட்டாச்சு சாமி" என்றார் தம்பிராஜா. "நீங்க தீபத்தைக் காட்டுங்க. புள்ள பார்க்கட்டும்."

குரலில் சண்டை இல்லாததைக் கவனித்துப் பூசாரி தீபத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். சீதா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மாமா இன்னும் மேலே, இன்னும் மேலே என்றாள். அவர் தூக்கினார். எல்லாரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் இடது விலாவில் பதிந்திருந்த உள்ளங்கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு நின்றார்.